மெய்யெழுத்தின் புள்ளி

ஐப்பசி மழை விட்ட மறுநாளும் கீரப்பாளையத்தில் ஈரம் போவதில்லை. சுற்றிலும் சம்பா வயல், வாய்க்கால் நிறைய வீராணத்துத் தண்ணீர். இந்தக் காற்றில் வார்னிஷ் அடிக்கக் கூடாது. பூச்சிலுள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லென்று ஆகிவிடும். காற்றின் ஈரம் அதில் படிந்து, கண்ணாடி போல நிற்க வேண்டிய பூச்சு பால் கலந்தது போல வெளுத்துவிடும். எழுத்தை அச்செடுத்த தாள் நோட்டுக்குள் இருக்கிறது. வெயில் ஏறட்டும்.

*

செய்துகொண்டிருப்பது ஒரு பழைய பேருந்து. ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டியது, 1:24 அளவு. அரசுப் பேருந்தை இப்படிச் சின்னதாகச் செய்யும் பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் கைநேர்த்தியைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனாலும் எழுத்து ஏறும்வரை அது பெட்டிதான்.

இதில் ஏற வேண்டிய பெயர் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். 1975-இல் விழுப்புரத்தில் தொடங்கிய கழகம் அது. 1997-இல் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது, இதுவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆனது. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் அந்தப் பழைய பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பெயிண்டர் தூரிகையால் எழுதிய அந்த வளைவு எந்தக் கணினி எழுத்துருவிலும் இல்லை. பழைய படத்தை அடியில் வைத்துத்தான் வரைய வேண்டியிருந்தது.

*

வரைந்த எழுத்தை அச்சிட்டு, தண்ணீரில் முக்கி, பேருந்தின் மேல் இடம் மாற்றி ஒட்டுவதற்கான தாள்தான் டீகால் தாள். தாளின் மேல் பசை, பசைக்கு மேல் மெல்லிய படலம், படலத்தின் மேல் நம் மை. இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அந்த மையைத் தண்ணீரில் முக்கித்தான் இடம் மாற்ற வேண்டும். நடுவில் நின்று காப்பாற்றுவது வார்னிஷ் ஒன்றே. ஒரே மூச்சில் கனமாக அடித்தால் மை இளகி ஓரம் கசியும். தூறல் போல ஒரு கை, காய்ந்த பிறகு இன்னொரு கை, பிறகு இன்னொன்று. லேசர் அச்சின் டோனர் பிளாஸ்டிக். அதற்கு இவ்வளவு பாதுகாப்பு தேவையில்லை. ஆனால் அதற்கென்று விற்கும் தாளில்தான் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் தாளை நீட்டினால் ஜெராக்ஸ் கடைக்காரர் வாங்கவே மாட்டார். உள்ளே இருக்கும் சூட்டில் அது ரோலரில் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும்.

*

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பேருந்தின் கரும்பச்சைப் பட்டையின் மேல் மஞ்சள் எழுத்தை ஒட்டினால் மஞ்சள் மங்கிக் காணாமல் போகும். வெள்ளைப் படலமுள்ள தாளை வாங்கி, பட்டையின் பச்சையையும் சேர்த்தே அச்சிட்டு, ஓரத்தை ஒட்டி வெட்டுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

*

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு குறள் வேண்டும். குறள் இல்லாமல் அது நம் ஊர்ப் பேருந்தே ஆகாது. நிஜத்தில் நாலு சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து இங்கே ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. 300 டிபிஐ-யில் அச்சின் ஒரு பொட்டு ஏறக்குறைய 0.08 மி.மீ.; மெய்ப்புள்ளிக்கு அதில் இரண்டு மூன்று பொட்டுகூடக் கிடைப்பதில்லை. பிறகு வார்னிஷ் அதன் விளிம்பை மழுக்குகிறது. புள்ளி போனால் க் என்பது க. குறளின் ஓசையே மாறிவிடும். அதனால் புள்ளியை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக்கி, சற்று மேலே தூக்கி வைக்கிறேன். கணினித் திரையில் அசிங்கமாகத் தெரியும். ஒட்டிய பிறகு சரியாக இருக்கும்.

*

சொரசொரப்பான இடத்தில் ஒட்டக் கூடாது. அடியில் சிக்கும் காற்று வெள்ளி பூத்தது போலக் காட்டும். முதலில் பளபளப்புப் பூச்சு; பிறகு தண்ணீரிலிருந்து எடுத்த படலத்தை விரலால் நகர்த்தி நேராக்கி, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்ற வேண்டும். ரிவெட்டின் மேல் படிய மறுத்தால், தண்ணீர் கலந்த வினிகரை ஒரு சொட்டு வைத்தால் போதும். படலம் இளகி உட்காரும்.

*

தையல்காரர் கடையில் பழைய சிங்கர் மெஷினின் தங்க எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் டீகால்தான். மேலே காப்பாக இருப்பது அரக்கு. நம் நாட்டுக் காடுகளில் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் அதே அரக்கு. எண்ணெய்க்கு அசையாது. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் அரக்கு கரையும், அதோடு தங்கமும் போகும். எந்தப் பூச்சுக்கும் ஒரு எதிரி உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் கடைசிக் கையை அடிக்க வேண்டும். காய்ந்த அக்ரிலிக் வார்னிஷுக்கு எனாமலின் தின்னர் ஆகாது. ஆகவே பேருந்தில் எனாமல் தொட வேண்டிய இடமெல்லாம் எழுத்துக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முன் பம்பர் இன்னும் பாக்கி. எழுத்து அதற்குப் பிறகுதான்.