பொருளும் அநுபவமும்



நமது திருக்கோணமலையிலே கோணேசப்பெருமானைத் தரிசிக்கச் செல்வோர் யாவரும் ஒரு கோட்டை வாயிலினூடாகவே செல்கின்றனர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே போர்த்துக்கேயர் நம்முடைய பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கட்டிய கோட்டை அது. மண்டபங்கள் போயின, பொன்னும் மணியும் போயின. போகாதது ஒன்று உண்டு. ஆலயமில்லாத அக்காலத்தும் நம்முன்னோர் அம்மலையின் விளிம்பிலே நின்று, கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டுக் கர்ப்பூரங் கொளுத்தி வழிபட்டனர். 1950ஆம் ஆண்டிலே நிலத்தை அகழ்ந்தபோது புதைந்திருந்த விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிலே புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அவ்வழிபாட்டு அநுபவம் வழிவழியாக நெஞ்சிலே நில்லாதிருந்தால், அவ்விக்கிரகங்கள் காட்சிச்சாலைப் பொருள்களாய் முடிந்திருக்கும்.

இதனால் அறியத்தக்கது யாது? கையிலுள்ளதைப் பிறர் கவரலாம். உயிரிலே ஊறியதைக் கவர்வார் இல்லை. ஆகவே, வருந்தி ஈட்டிய பணத்தைப் பொருள் வாங்குவதிலே செலவிடல் நன்றோ, அநுபவம் பெறுவதிலே செலவிடல் நன்றோ என்னும் வினா இல்லறத்தார் யாவர்க்கும் உரியது.

வான் போவன், கிலோவிச் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பொருளுக்குச் செலவிட்டதிலும் அநுபவத்துக்குச் செலவிட்டதே தமக்குக் கூடிய மகிழ்ச்சி தந்தது என்று வினாவப்பட்டோருட் பெரும்பாலோர் கூறினர் என்பது அதன் முடிபு. அதே ஆண்டிலே யான் செய்த பிழையொன்றை இங்கே மறையாது கூறுகின்றேன்.

யான் கிறிஸ்து சமயத்தார் தாபித்த பாடசாலையிலே கற்றவன். நிலையாப் பொருளைச் சேர்த்துவைத்தல் பேதைமை என்னும் பாடத்தை அங்கே மனனஞ்செய்து பரிசும் பெற்றேன். மனனஞ்செய்தது நாவிலே நின்றதேயன்றி நெஞ்சில் இறங்கவில்லை. போர்நிறுத்தத்தாற் பாதைகள் திறந்திருந்த 2003ஆம் ஆண்டிலே என் தாயார், “தம்பி, கண்மூட முன்னம் ஒருக்காச் சிதம்பரத்திலே திருவாதிரை பார்க்கவேணும்” என்றார். அதற்குப் போதிய பணம் கையிலிருந்தது. “வாற வருஷம் பார்ப்பம், அம்மா” என்று சொல்லி, அப்பணத்தைக் கொண்டு தேக்கமரத்திலே ஓர் அலுமாரியும் நாற்காலிகளும் செய்வித்தேன். வந்தவர் எல்லாரும் அவற்றைப் புகழ்ந்தனர், தாயாரும் புகழ்ந்தார்.

மறுவருஷம் ஐப்பசியிலே தாயார் சிவபதமடைந்தார். மார்கழிப் பூரணை நாளாகிய 2004 டிசம்பர் 26இலே கடல் எழுந்து ஊருட் புகுந்தது. அவர் காண விரும்பிய திருவாதிரைக் காலமும் அதுவே. அலுமாரி நீரிலே ஊறிப் பிளந்தது. எத்தனையோ குடும்பங்கள் உயிர்களை இழந்து கதறிய அந்நாளிலே மரப்பலகைக்காக அழுதல் நாணத்தக்கது, யான் அழவுமில்லை. அழுதது வேறொன்றுக்கு. தாயாரோடு தில்லையிலே நின்றேன் என்று நினைந்துகொள்வதற்கு எனக்கு ஒருநாள் இல்லை. அந்த நாளைக் கடல் கொண்டுபோகவில்லை. யானே அதனைப் பெறாது விட்டேன்.

இதுகேட்டு, “அப்படியாயின் உள்ளதையெல்லாம் விற்று ஊர்கள்தோறும் சுற்றுவோம்” என்பீராயின், அதுவும் பிழையே. இன்று யாத்திரை போவோர் சிலர், சந்நிதியிலே கண்ணாற் காணாது கைப்பேசியாற் கண்டு, இத்தனை தலம் கண்டோம் என்று கணக்குக் காட்டுகின்றனர். அலுமாரியிலே பாத்திரம் அடுக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு என்னை? ஆன்மா தான் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது நம் சித்தாந்தம். உயிரைச் சிவத்திலே சார்விப்பதே அநுபவம். மற்றையது நுகர்ச்சி மாத்திரமே. திருஞானசம்பந்த சுவாமிகள் இராமேச்சரத்திலிருந்தபடியே நமது கோணமலையைப் பாடியருளினார் என்பது மரபு. கடல் கடவாமலே அவருள்ளம் இங்கே வந்து சார்ந்தது.

ஆதலால், அன்பர்காள், கூரை ஒழுகினால் முதலிற் கூரையை வேயுங்கள். பிள்ளைகளின் கல்விக்கும் நோய்க்கும் வேண்டியதை ஒதுக்கிவையுங்கள். கடன்பட்டு யாத்திரை செல்லாதீர்கள். எஞ்சியது சிறிதாயினும், இரண்டாவது சங்கிலிக்கும் மூன்றாவது அலுமாரிக்கும் அதனைக் கொடுக்குமுன், வீட்டிலுள்ள முதியோர் காண விரும்புவது யாதென்று ஒருமுறை கேளுங்கள். வெருகலிலே முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். கதிர்காமத்துக்குக் கீழ்க்கரை வழியே கால்நடையாகவும் செல்லலாம். அவற்றுக்குப் பெருந்திரவியம் வேண்டுவதில்லை. செல்லும்போது பேரப்பிள்ளையின் கையையும் பற்றிச் செல்லுங்கள். முதியவர் காண்பது அப்பிள்ளையினிடத்தே பின்னும் வாழும். வழிச்செலவுக்கு வகையற்ற அயலார் ஒருவரையும் உடன்கொண்டு செல்வீராயின், அது சிவபுண்ணியமுமாம்.

“வாற வருஷம்” என்னும் சொல்லை மாத்திரம் பெற்றோர்க்குச் சொல்லாதீர்கள். வருஷம் வரும், அவர் இருப்பார் என்பதற்குப் பிணை யார்?

திருச்சிற்றம்பலம்.