பள்ளியறைக் கண்ணாடி



சாமித்தோப்புத் தலைமைப்பதியிலும் ஊர்தோறும் உள்ள நிழல் தாங்கல்களிலும் பள்ளியறையில் விக்கிரகம் கிடையாது. கண்ணாடியும் விளக்குமே உண்டு. தலைப்பாகை கட்டி, நாமமிட்டு நிற்கிறவருக்குத் தெரிவது அவருடைய முகம்.

“இதிலே அய்யா எங்கே?” என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். கண்ணாடியில் உருவம் விழும்; ஆனால் கண்ணாடி எதையும் பார்ப்பதில்லை. கண்ணும் அப்படித்தான். உயிர் பிரிந்த உடலிலும் கண் இருக்கிறது, காட்சி இல்லை. அப்படியானால் பார்க்கிறது எது? ஏகமாய் நிறைந்த அந்த அறிவுதான். நெற்றியில் சுடர்போல் மேல்நோக்கி இடும் நாமம் அதற்கே அடையாளம்.

சாமித்தோப்பு உப்பளத்தில் உச்சிவேளையில் பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன் மின்னும். ஒரு பாத்தி கலங்கினால் வானத்துச் சூரியன் கலங்குமா? சகல உயிரிலும் ஏகம் விளங்குவது இப்படி.

இதை வெறும் தத்துவப் பேச்சாக ஒதுக்கக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயில் வாசலை நெருங்க முடியாது. பெண்கள் தோள்சீலை போடத் தடை. குனிந்தே நடந்தவர்களைத்தான் தலைப்பாகையோடு நிமிர்ந்து நிற்கச் சொன்னார் அய்யா. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்தார்கள். அய்யா வைகுண்டம் போனது 1851-இல். ஸ்ரீ நாராயண குரு களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தது 1927-இல்.

ஆவணி, தை, வைகாசித் திருவிழாக்களில் கூட்டம் நெருக்கும். பள்ளியறை முன்னே நிற்கக் கொஞ்ச நேரமே கிடைக்கும். அந்த நேரத்திலும் கண்ணாடியை நன்றாகப் பாருங்கள். பின்னால் நிற்பவரின் முகமும் அதில் தெரியும்.