ஒரே வாயில், இரண்டு வரிசை

"முழு உரிமை தருவதற்கில்லை, பாதி தருகிறோம், பெற்றுக்கொள்" என்று ஆதிக்கத்தில் இருப்போர் கூறும்போது, அந்தப் பாதியைப் பெற்றுக்கொள்ளலாமா? பெற்றுக்கொண்டால் அது அறிவுடைமையா, அடிமைத்தனமா?

உரிமைக்குப் போரிட்டோர் அனைவரையும் ஒருநாள் வழிமறித்து நின்ற வினா இது. "முழுதும் வரும்வரை தொடமாட்டோம்" என முழங்குவோர் ஒருபுறம். "கிடைத்தவரை இலாபம்" எனக் கைநீட்டுவோர் மறுபுறம். இவர் அவரைப் பித்தர் என்பர். அவர் இவரைக் கோழையர் என்பர். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?" என்று எள்ளி நகையாட ஊரார் இருக்கவே இருக்கின்றனர். வாழ்வும் வேண்டும், மானமும் வேண்டும் என்று கேட்பதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? இரண்டுமே மனிதருக்கு உரியவையன்றோ!

ஏட்டு வாதத்தால் தீராத இவ்வழக்கிற்கு, அமெரிக்கக் கறுப்பின மகளிர் சிலர் தம் வாழ்வால் தீர்ப்பெழுதினர். வானிலே பறந்தவர் சிலர். மேடையிலே பாடியவர் சிலர். அவர்தம் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

பெஸ்ஸி கோல்மன் 1892ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில், பதின்மூன்று பிள்ளைகள் பிறந்த ஏழைக் குடும்பத்தில் தோன்றியவர். பருத்திக் காட்டிலே பஞ்செடுத்த கை. பிறர் வீட்டுத் துணியை வெளுத்த கை. பின்னர்ச் சிக்காகோ நகரின் முடிதிருத்தகம் ஒன்றில் வாடிக்கையாளரின் நகங்களைச் சீர்செய்த கை. அந்தக் கை, வானூர்தியின் விசையைப் பற்ற விரும்பியது. அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் கதவடைத்தன. பெண் என்பது ஒரு குற்றம். கறுப்பர் என்பது மற்றொரு குற்றம்! 'சிக்காகோ டிஃபெண்டர்' இதழை நடத்திய ராபர்ட் அபட், பிரான்சுக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினார். அம்மையார் பிரெஞ்சு மொழி கற்றார். 1920 நவம்பரில் கடல் கடந்தார். லெ குரோட்வா என்னும் ஊரிலிருந்த கோத்ரோன் உடன்பிறந்தாரின் பள்ளியிலே பயின்றார். 1921 ஜூன் 15ஆம் நாள் அனைத்துலக வானூர்திக் கழகத்தின் உரிமம் அவர் கைக்கு வந்தது. அவ்வுரிமத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

நாடு திரும்பியவர் வானிலே வித்தைகள் காட்டிப் பொருள் ஈட்டினார். கறுப்பின மக்களுக்கென ஒரு வானூர்திப் பள்ளி நிறுவுவதே அவர் குறிக்கோள். அதற்குப் பணம் வேண்டும்; பணத்திற்குக் கூட்டம் வேண்டும். 1925இல் டெக்சாசில் அவர் காட்சிகள் நடத்தியபோது, தாம் வளர்ந்த வாக்சஹாச்சி ஊரிலும் ஒரு காட்சிக்கு ஏற்பாடாயிற்று. ஏற்பாட்டாளர்கள் வெள்ளையர் நுழைய ஒரு வாயிலும் கறுப்பர் நுழைய வேறொரு வாயிலும் வகுத்திருந்தனர். "எல்லாரும் ஒரே வாயில் வழியே வரவேண்டும், இல்லையேல் பறக்கமாட்டேன்" என்றார் அம்மையார். ஏற்பாட்டாளர்கள் இணங்கினர். ஆனால், உள்ளே இருக்கைகள் பிரிந்தே இருந்தன. வாயில் ஒன்று, வரிசை இரண்டு! அவர் பறந்தார்.

இது வெற்றியா, தோல்வியா? விடை கூறுமுன் மற்றொரு நிகழ்ச்சியையும் நோக்க வேண்டும். 1922இல் ஒரு திரைப்படத்தில் நடிக்க அவருக்கு வாய்ப்பு வந்தது. பெயரும் பொருளும் பள்ளிக்கு வழியும் தரத்தக்க வாய்ப்பு. முதற்காட்சியிலே கந்தலுடுத்தி, கையிலே கோலும் முதுகிலே மூட்டையுமாக, ஒன்றும் அறியாப் பேதையாகத் தோன்றவேண்டும் என்றனர். வெளியேறிவிட்டார்! வந்த வாய்ப்பை வீணாக்கியவர் என்று அவரைக் குறைகூறினோரும் உண்டு.

வாயிலில் பாதியை ஏற்றவர், படத்தில் முழுவதையும் மறுத்தார். முரண்பாடா? இல்லை. இரண்டிற்கும் அளவுகோல் ஒன்றே. வாக்சஹாச்சியில் அவர் பெற்ற பாதி, பிரிவினைச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தது. படக்காரர் நீட்டிய பாதியோ, அச்சுவருக்கு முட்டுக்கொடுக்க அவர் தோளையே கேட்டது. "நாங்கள் தாழ்ந்தவரே" என்று அவர் கையாலேயே சான்றெழுதக் கேட்டது. பாதி கிடைத்ததா என்பது பெரிதன்று. அதற்கு ஈடாக எதைக் கேட்கின்றனர் என்பதே பெரிது.

இனி, மேடைக்கு வருவோம். தெற்கு மாநிலங்களின் கறுப்பின உழைப்பாளரிடையே உருப்பெற்ற இசை, புளூஸ். ஓர் அடியைப் பாடி, அதையே மறுமுறை பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி கூறுவது அதன் வழக்கமான அமைப்பு. அழுகைப் பாட்டு என்று அதனை ஒதுக்கியோர் உண்டு. துயரை இருமுறை எடுத்துரைத்து, பின் அதற்கு விடை தேடும் பாட்டு வெறும் அழுகையாகுமா?

1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேசி புளூஸ்' இசைத்தட்டு பெருவாரியாக விற்றபின்தான், கறுப்பினப் பெண்ணின் குரலுக்கும் விலையுண்டு என நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1923இல் பெஸ்ஸி ஸ்மித் வந்தார். ஆல்பர்ட்டா ஹன்ட்டர், லவி ஆஸ்டின் எனும் இரு கறுப்பின மகளிர் இயற்றிய 'டவுன்ஹார்ட்டட் புளூஸ்' பாட்டை அவர் குரலில் இலட்சக்கணக்கானோர் வாங்கிக் கேட்டனர். ஆயினும், அத்தகைய தட்டுகளுக்குத் தனிப் பட்டியல், தனிப் பெயர்: 'இன இசைத்தட்டுகள்'. பாடியதற்கு ஒரு தொகை, விற்பனையிலே பங்கில்லை. இங்கும் பாதிதான்!

அந்தப் பாதிக்குள் நின்று அவர் என்ன செய்தார்? 1928இல் 'புவர் மேன்ஸ் புளூஸ்' என்ற பாட்டைத் தாமே இயற்றிப் பாடினார். ஏழையின் நிலையைச் செல்வரின் முகத்தெதிரே எடுத்துரைக்கும் பாட்டு அது. பட்டியலைப் பிரித்தவர்களால் பாட்டின் பொருளைப் பிரித்து வைக்க இயலவில்லை. எனினும், மீதிப் பாதி தானே வந்து சேராது என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. 1937இல் மிசிசிப்பியில் மகிழுந்து விபத்தில் மாண்ட அவருடைய கல்லறை, 1970 வரை பெயர் பொறித்த கல்லின்றிக் கிடந்தது. பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் ஹுவானிடா கிரீன் அம்மையாரும் பொருளுதவி செய்த பின்னரே அங்கு ஒரு கல் எழுந்தது.

"பாதியை ஏற்பதால் அநீதியின் ஆயுளை நீட்டுகிறீர்களே!" எனக் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். விடையை வில்லா பிரவுன் அம்மையாரிடம் காண்போம். வாக்சஹாச்சியில் ஒரே வாயில் திறந்த அதே 1925இல், அமெரிக்கத் தரைப்படையின் போர்க்கல்லூரி, கறுப்பினத்தார் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர் என்று அறிக்கை எழுதியது. மறு ஆண்டே, ஏப்ரல் 30ஆம் நாள், ஜாக்சன்வில் நகரில் வானூர்தியிலிருந்து வீழ்ந்து கோல்மன் மாண்டார்; அவருடைய பள்ளி கனவாகவே நின்றது. 1938இல் அமெரிக்காவிலேயே உரிமம் பெற்ற வில்லா பிரவுன், கார்னீலியஸ் காஃபியுடன் சேர்ந்து சிக்காகோவில் வானூர்திப் பள்ளி நடத்தினார். அரசு தந்த பயிற்சித் திட்டம் கறுப்பருக்கெனத் தனியே பிரிக்கப்பட்டதுதான். தெரிந்தே ஏற்றார். அங்கே பயின்றோர் பலர் டஸ்கீகி விமானப் படைப்பிரிவினராயினர். இரண்டாம் உலகப் போரிலே பறந்தனர். போர்க்கல்லூரியின் ஏட்டுப் பொய்யை வானத்திலேயே கிழித்தெறிந்தனர்! 1948 ஜூலையில், படையிலே இன வேற்றுமை கூடாதெனக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டார். தனிப்பள்ளியிலே பயின்ற திறமை, தனிப்பள்ளிக்கான நியாயத்தையே தகர்த்தது.

ஆனால், அந்த ஆணை திறமையைக் கண்டு தானே கனிந்ததன்று. தேர்வில் வென்றால் மட்டும் நீதி வந்துவிடுமா? 1943இல் டஸ்கீகியில் ஜேனட் பிராக் அம்மையார் பறத்தல் தேர்வில் தேறியும், கறுப்பினப் பெண்ணுக்கு வணிக உரிமம் தரமாட்டேன் என மறுத்தார் தேர்வாளர். அவர் இல்லினாய் திரும்பி, மீண்டும் தேர்வெழுதி, உரிமத்தைப் பெற்றார். தகுதி வாயில் வரை கொண்டு சேர்க்கும். வாயிலைத் திறப்பது போராட்டமே.

ஆகவே, இளந்தோழர்களே, பாதி நீதி உங்கள் முன் நீட்டப்படும் நாளில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதைப் பெறுவதற்காக என் தாழ்வை நானே ஒப்புக்கொள்ளவேண்டுமா? ஆம் எனில், உதறி எறியுங்கள், பசித்தாலும் எறியுங்கள். இதைப் பெற்றபின் மீதியைக் கேட்கும் வலிமை எனக்கு வளருமா? ஆம் எனில், தயங்காது பெறுங்கள். பெறும்போதே மீதியைக் கடனாகக் குறித்து வையுங்கள். நன்றி கூறி அந்தக் கடனைத் தள்ளுபடி செய்யும் உரிமை மட்டும் நமக்கில்லை. அது நமக்குப் பின்வருவோரின் சொத்து!