பழைய மாளிகையில் புதிய விருந்தினர்

மாந்தர்க்கு உழைப்பு எவ்வளவு இன்றியமையாததோ, ஓய்வும் அவ்வளவு இன்றியமையாதது. ஓய்வு நாட்களில் உற்றாரும் நண்பரும் பத்துப் பதினைந்து பேராகக் கூடி, வெளியூரில் ஓரிடத்தை வாடகைக்கு அமர்த்தி, ஒன்றாகச் சமைத்துண்டு, ஒரே கூரையின் கீழ்ச் சில இரவுகள் தங்கி வருதல் இந்நாளில் பல தேசங்களிலும் காணப்படும் வழக்கமாகும். அவ்வாறு செல்வோரிற் பலர் புதுக் கட்டடங்களை விட்டுப் பழங்கட்டடங்களையே நாடுகின்றனர். கோட்டைகளும், துறவிகளின் மடங்களும், சிறைச்சாலைகளும், தோட்டத் துரைமார் வாழ்ந்த பங்களாக்களும் விடுதிகளாக மாறி நிற்கின்றன. இவ்வழக்கத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும், சிலர் அதிகாரம் செலுத்தவும் பலர் கண்ணீர் வடிக்கவும் இடமாயிருந்த ஒரு வீட்டில் மகிழ்ந்து தங்கச் செல்வோர்க்கு, அவ்வீட்டின் பழங்கதையின்பால் யாதேனும் கடமை உண்டா, இல்லையா? இவ்வினாவை ஆராய்தல் நம்மவர்க்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

“கல்லும் சுண்ணாம்பும் என்ன பாவம் செய்தன? கட்டினவனும் போனான், அதில் வருந்தினவனும் போனான், இருப்பவர் அனுபவித்தலே முறை” என்பார் ஒரு சாரார். “ஏழை அழுத இடத்தில் விருந்துண்பதா? அங்கே கால் வைப்பதும் தகாது” என்பார் மற்றொரு சாரார். இரண்டும் கேட்பதற்கு எளிய விடைகளே. ஆனால் உலகில் நடந்தவற்றை எடுத்து நோக்குங்கால் இரண்டும் போதாவென்பது விளங்கும்.

முதற்கண் ஜெர்மனி தேசத்துச் செய்தியொன்றைக் காண்போம். ரிச்சர்ட் ஷிர்மான் என்பவர் அந்நாட்டில் ஒரு பள்ளியாசிரியர். ஆலைப் புகையிடையே வளரும் பிள்ளைகளைக் காட்டிற்கும் மலைக்கும் கால்நடையாய் அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 1909-ஆம் ஆண்டில் ஒருநாள் அவரும் மாணவரும் பெரும் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளியில் ஒதுங்கி, வைக்கோலின்மேற் படுத்து இரவைக் கழித்தனர். நடந்து திரியும் பிள்ளைகட்கு ஊர்தோறும் குறைந்த செலவில் ஒரு தங்குமிடம் வேண்டுமென்னும் எண்ணம் அன்று அவர்க்குத் தோன்றிற்று. 1912-இல் ஆல்டெனா நகரத்துப் பழங்கோட்டையிலேயே அத்தகைய விடுதி அமைந்தது. உலகத்தின் முதல் நிலையான இளைஞர் விடுதி அதுவே என்பர். பிரபுக்களும் அவர்தம் படைவீரரும் உலாவிய மதிலுக்குள்ளே தொழிலாளியின் பிள்ளை மரக்கட்டிலில் நிம்மதியாய் உறங்கினான். இதனைக் காணுமிடத்து, பழங்கோட்டையில் கால் வைத்தலே தகாது என்று யார் சொல்ல வல்லார்? அடைத்திருந்த கதவு திறந்தது. அது நீதியின் பாற்பட்ட செயலே.

ஆனால் ஒருமுறை திறந்த கதவு என்றும் திறந்திருக்குமென்று நம்பிவிடலாகாது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்ததும் அந்நாட்டு இளைஞர் விடுதிகள் அவனுடைய இளைஞர் படையின் கைக்குள் போயின. யூதப் பிள்ளைகட்கு அங்கே இடமில்லாது போயிற்று. கட்டடம் அதுவே, கட்டிலும் அதுவே. உள்ளே வரத் தக்கவர் யார் என்று முடிவு செய்த நெஞ்சம் மட்டுமே மாறிற்று. ஆகவே கல்லுக்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை என்பது மெய்யே. ஆயின் அக்கல்லை ஆளும் மனிதர்க்கு அவை உண்டு என்பதை நாம் மறத்தல் கூடாது.

இனிச் சிறைச்சாலையைப் பார்ப்போம். கனடா தேசத்து ஒட்டாவா நகரில் 1862-இல் திறந்த சிறையொன்று 1972-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அது பயணிகள் விடுதியாயிற்று. கைதிகள் கிடந்த அறைகளில் விருந்தினர் பணங்கொடுத்துப் படுத்தனர். அச்சிறையில் 1869-இல் பாட்ரிக் வீலன் என்பவன் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கத் தூக்கிலிடப்பட்டான். தான் குற்றமற்றவன் என்று அவன் இறுதிவரை சாதித்தான். இத்தகைய இடங்களில் ஆவி நடமாடுகிறதென்று கதை கட்டுவதும், அக்கதையால் விருந்தினரை வரவழைப்பதும் எங்கும் வாடிக்கை. பேய்க்கதை கேட்டு நடுங்கிச் சிரித்துவிட்டுக் காலையில் மூட்டை கட்டும் விருந்தினன், அங்கே மாண்டவனும் தன்னைப்போல் ஒரு தாய் வயிற்றிற் பிறந்தவனே என்பதை எப்போது நினைப்பான்? இறந்தவனை முதலிற் குற்றவாளியாக்கி, பின்னர் வேடிக்கைப் பொருளுமாக்குதல் இரட்டைத் தண்டனையாகும்.

இங்கே ஒரு தடை எழும். “விருந்தினர் தரும் வாடகையன்றோ பழங்கட்டடங்களைக் காக்கிறது? ஆளற்ற வீடு பாழாய்ப் போகுமே” என்பர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. குடியிருப்பாரற்ற வீட்டில் ஓடு சரியும், மழை இறங்கும், கறையான் ஏறும். சில ஆண்டுகளில் வீடே மண்ணாகும். பணமின்றிப் பழமையைக் காத்தல் எளிதன்று. ஆயினும் அப்பணம் எதனைக் காக்கிறது என்று மேலும் ஒரு வினாவை நாம் கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், நாட்டவே என்னும் பெருமாளிகை 1859-இல் கட்டி முடிந்தது. கரும்புத் தோட்ட முதலாளியின் மாளிகை அது. அவருக்குச் சொத்தாயிருந்த அடிமை மக்கள் 155 பேர் என்று 1860-ஆம் ஆண்டுக் கணக்குக் கூறுகிறது. பிற்காலத்தில் அம்மாளிகை விருந்தினர் விடுதியாகவும் கலியாண மண்டபமாகவும் பெயர் பெற்றது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தீக்கிரையானபோது, அழகிய மாளிகை போயிற்றே என்று அழுதவரும் உண்டு. அடிமைகளின் வழிவந்தோருள் மகிழ்ந்தவரும் உண்டு. ஒரே நெருப்பு ஒருவர்க்குத் துக்கமாகவும் மற்றொருவர்க்கு ஆறுதலாகவும் தோன்றியது ஏன்? அம்மாளிகை நின்ற காலத்தில் இருசாரார் கதையும் அங்கே ஒத்த நிறையாய்ச் சொல்லப்பட்டிருந்தால், இத்துணைப் பெரும் பிளவு தோன்றியிராது என்பது நமது துணிபு.

முதலாளியின் வீடு உயர்ந்த மரத்தாலும் செங்கல்லாலும் ஆனது. அடிமையின் குடிசையோ எளிதில் அழிவது. வாடகை கொடுப்பவர் அழகிய அறையையும் அகன்ற தாழ்வாரத்தையுமே விரும்புவர். ஆகவே வாடகைப் பணம் மாளிகையைத் தாங்குகிறது. குடிசை மண்ணோடு மண்ணாகிறது. யாரும் வஞ்சனை செய்ய எண்ணவில்லை; எனினும் நூறாண்டு கழித்துப் பார்ப்பவர்க்கு, அங்கே முதலாளி ஒருவனே வாழ்ந்தான் போலத் தோன்றும். அவன் உண்ட மேசை இருக்கும். அதற்கு உணவாக்கியவள் படுத்த இடம் இராது. மறதி இவ்வாறுதான் ஓசையின்றி வந்து சேர்கிறது.

இதனை உணர்ந்த ஒருவர் அந்நாட்டிலேயே தோன்றினார். ஜோசப் மெக்கில் என்பார் அடிமைகளின் வழிவந்தவர். 2010-ஆம் ஆண்டில், தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரையடுத்த மக்னோலியா தோட்டத்தில், மாளிகையை விட்டு, எஞ்சி நின்ற அடிமைக் குடிசையிற் சென்று இரவு தங்கினார். அது முதல் மாகாணம் மாகாணமாகச் சென்று 100-க்கும் மேற்பட்ட இடங்களில் அவ்வாறே தங்கியுள்ளார். நாளடைவில் பிறரும் அவருடன் கூடினர். அடிமைகளின் வழித்தோன்றல்களும் ஆண்டைகளின் வழித்தோன்றல்களும் ஒரே தரையிற் படுத்து, முன்னோர் கதையை மனம்விட்டுப் பேசலாயினர். இதுவும் கூட்டமாய்ச் சென்று பழங்கட்டடத்தில் தங்குதலே. ஆனால் இங்கே விருந்தினர் வருகை அழியவிருந்த குடிசைக்கு உயிர் தந்தது.

தோழர்களே! இவை அயலார் கதையென்று நாம் இருந்துவிடலாகாது. இலங்கை மலைநாட்டில் தேயிலைத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் சில இன்று செல்வர் தங்கும் விடுதிகள். அதே மலைச்சரிவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைகளில் நம்மவர் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. மலேசியாவில் கேமரன் மலையிலும் பிரேசர் மலையிலும் வெள்ளையர் ஓய்வுக்கெனக் கட்டிய பங்களாக்களில் இன்று எவ்வினத்தாரும் குடும்பத்தோடு தங்கலாம். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளைகளும் அங்கே சென்று, துரை சாய்ந்திருந்த தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் பருகலாம். பாட்டன் துரை முன்னிலையில் தலைப்பாகையைக் கழற்றி வாசலில் கைகட்டி நின்ற காலத்தை நினைக்குங்கால், இஃது எளிய மாறுதலன்று. இதனை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அப்பிள்ளைக்குப் பாட்டன் நின்ற வாசலை யாரேனும் காட்டினாரா? காட்டாவிடில், அவன் துரையின் நாற்காலியில் துரையின் கனவையே கண்டு திரும்புவான்; லயத்தின் பெயரைச் சொல்லவும் கூசுவான். காட்டினால், அதே நாற்காலியில் தன் குலத்தாரின் உழைப்பையும் மானத்தையும் எண்ணி நிமிர்ந்து அமர்வான். வேறுபாடு சில நிமிடப் பேச்சிலே இருக்கிறது. “ஓய்வு நாளிலும் துயரக் கதையா?” என்று சலிப்பவர்க்கு நாம் கூறுவது இதுதான்: உண்மை தெரிந்தால் கெட்டுப்போகும் மகிழ்ச்சி, உண்மையான மகிழ்ச்சியாகாது.

ஆதலின் அன்பர்களே, பழைய மாளிகைகளுக்குத் தாராளமாய்ச் செல்லுங்கள். பிள்ளைகளையும் பெரியோரையும் அழைத்துச் செல்லுங்கள். சென்றவிடத்தில் சமையற்கட்டு எங்கே, வேலைக்காரர் படுத்த இடம் எங்கே, மலைப்பாதையை வெட்டியவர் யார் என்று கேளுங்கள். விடுதிக்காரர்க்குத் தெரியாதாயின் அடுத்தமுறை வருவோர்க்குச் சொல்ல அறிந்து வைக்குமாறு வேண்டுங்கள். இன்று கழிப்பறை கழுவி மெத்தை விரிப்பவரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பேசுங்கள். லயங்களில் ஒன்றையேனும் இடியாமல் நிறுத்தி வைக்க ஊரார் முயன்றால், அதற்குக் கைகொடுங்கள். வீடு யாருடையதாயினும், அதைத் தாங்கிய தோள்களை நினைத்து நன்றி சொல்லிப் படுப்பவனே நல்ல விருந்தினன்.