குழாயடியில் பார்த்த தழும்பு

வில்லிவாக்கத்தில் ஆட்டோ ஏறினால் பாடி வழியாக முகப்பேர் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அம்பத்தூர்க்காரனான எனக்கு இரண்டுமே பக்கத்து ஊர். ஒரு மனிதனின் உறுப்பு இன்னொரு மனிதனுக்குப் போவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார்கள். மூளைச்சாவு என்று உறுதியானதும் அவன் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். நகரின் நடுவிலிருந்து அவன் இதயம் 11 நிமிடத்தில் முகப்பேர் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. போலீஸார் வழிநெடுகப் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு அந்த இதயம் பொருத்தப்பட்டது. உறுப்பு தானம் என்ற சொல் தமிழ்நாட்டில் வீட்டுத் திண்ணைவரை வந்தது அந்த வாரத்தில்தான்.

வில்லிவாக்கத்துக்குக் கிடைத்த பெயர் வேறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த ஊரின் குடிசைப் பகுதிகளை 'கிட்னிவாக்கம்' என்றே சொன்னார்கள்.

பல வருடங்களுக்கு முன் அங்கே ஒரு குழாயடியில் நின்றிருந்தேன். ஒரு பெண் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போனவர், சட்டென்று மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். முந்தானை விலகிய அந்த ஒரு நொடியில், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கமிருந்து வயிற்றை நோக்கி இறங்கிய தழும்பு தெரிந்தது. ஒரு சாணுக்குக் குறையாது. அவர் போன பிறகு பக்கத்தில் நின்ற அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "கிட்னி குடுத்தவங்கப்பா. தண்டல்காரன் வாசல்ல வந்து உக்காந்துட்டான், வேற என்ன பண்ணுவாங்க?" கொஞ்சம் நிறுத்தி, "இப்பவும் தண்டல் கட்டிக்கிட்டுதான் இருக்காங்க" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. அப்படி விற்றவர்களில் 74 சதவீதம் பேர், ஆய்வு நடந்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புரோக்கர் பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

'அவருடைய உடம்பு, அவருடைய விருப்பம், நடுவில் நாம் யார்?' என்று கேட்பவர்கள் உண்டு. ஈரானில் கிட்னி கொடுப்பவருக்குச் சட்டப்படியே பணம் தருகிறார்கள். அதுபோல இங்கும் ஒழுங்குபடுத்திவிட்டால் புரோக்கர் ஒழிவான், விற்பவருக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். டயாலிசிஸ் படுக்கையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுத்துக் கிடப்பவரைப் பார்த்தவன் என்பதால், அந்த வாதத்தை என்னால் அலட்சியமாகத் தள்ள முடிந்ததில்லை.

அதற்குப் பதில் எனக்கு வில்லிவாக்கத்திலிருந்தே கிடைத்தது. இந்தப் பகுதிகளில் ஆய்வு செய்த மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் ஒன்றைக் கவனித்து எழுதினார். கிட்னி விற்பனை பரவிய இடங்களில் கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியும் கூடியது. அதாவது, நகை இல்லாத வீட்டிலும் அடகு வைக்க ஒன்று இருக்கிறது என்பது வட்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் நாலு பேர் விற்றதும், விற்க நினைக்காத ஐந்தாவது பெண்ணின் கிட்னிக்கும் விலை வந்துவிட்டது. 'அவ குடுக்கலையா, உனக்கென்ன?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'என்னிடம் எதுவும் இல்லை' என்று சொல்லும் கடைசி உரிமையும் அவரிடமிருந்து பறிபோய்விட்டது. ஒருத்தியின் உடம்பு, ஒருத்தியின் விருப்பம் என்று தொடங்கியது தெரு முழுவதற்கும் வட்டிக்கடை ஆனது இப்படித்தான். ஈரான் வழியை நான் ஏற்காததற்கு இந்த ஒரு காரணம் போதும்.

1994-ல் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்து உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. ஆனால் ரத்த உறவு இல்லாதவரும் அன்பு, பாசம் காரணமாகக் கொடுக்கலாம், அதை ஒரு அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்கும் என்று வழி வைத்தது. புரோக்கர்கள் நுழைந்தது அந்த வழியில்தான். குழுவின் முன்னால் நிற்கும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் மனப்பாடமாக இருக்கும். 'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே?' 'இல்லை.' அந்த 'இல்லை' பொய்யும் அல்ல. அறைக்குள் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியவர் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். கடன் தலைக்கு மேல் போனவர் சொல்லும் சம்மதம் அவருடைய சம்மதமே அல்ல. அவர் வாயால் கடன் கொடுத்தவர் சொல்லும் சம்மதம் அது.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பணத்துக்காக உறுப்பு தர முன்வருபவரையும் இந்தச் சட்டம் தண்டிக்கும். 2011 திருத்தத்துக்குப் பிறகு 5 முதல் 10 வருடச் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். பேசிய தொகையைப் புரோக்கர் ஏமாற்றினாலும் அவர் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வார்? அவருடைய மௌனத்தில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

வில்லிவாக்கம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்திலிருந்து செய்தி வந்தது. விசைத்தறித் தொழிலாளர்கள், கடன், புரோக்கர், கிட்னி. ஊர்ப் பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை.

முகப்பேரின் வழி இன்று அகலமாகியிருக்கிறது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்கிறது. அதை மனதார வணங்குகிறேன். அதே அரசிடம் இரண்டு கோரிக்கைகள். அங்கீகாரக் குழுவுக்கு வருபவரின் ஆதார் அட்டையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், எத்தனை இடத்தில் கடன், யாரிடம், எவ்வளவு வட்டி என்று அவர் ஊரிலேயே விசாரித்து எழுதி வாங்குங்கள். வறுமையால் கிட்னியை விற்றவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், சாட்சியாகப் பாதுகாக்க மத்திய அரசிடம் சட்டத் திருத்தம் கேளுங்கள். குழாயடியில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்ட அந்தப் பெண், யாரிடமாவது தைரியமாக வாய் திறந்து பேசட்டும்.