மூணு நிமிஷம்

"பத்து வருஷம் சக்கர நாற்காலியா, முழு ஆரோக்கியத்தோடு அதைவிடக் குறைச்சலான வருஷமா? எது வேணும்?"

காசிமேட்டில் வலை சரிபண்ணுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். "இன்னா சார் கேள்வி இது?" என்பார்.

ஆனால் தமிழ்நாடு உள்பட இந்தியாவில் 3,548 பேரை வைத்து இப்படியொரு ஆய்வு நடந்து, 2022-ல் முடிவு வெளியானது. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் தகும் என்று கணக்குப் போட உதவுகிற எண்கள் அவை.

இவ்வகை ஆய்வில் ஒரு விதி: நாற்காலி உதாரணத்தை மூன்று நிமிடத்துக்குள் விளக்கி முடித்தால், அந்தப் பேட்டி சந்தேகப் பட்டியலில் சேரும்.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்கு டேலி ஆகலாம்; வவுச்சரே பொய் என்றால்? "அஞ்சு வருஷம்னு போட்டுக்கவா?" என்று அவசரத்தில் எடுத்துக் கொடுத்தால், அது அவர் பதில் இல்லை. அவர் உயிருக்கு நாம் எழுதிய விலை.

புரிகிறவரை காத்திருப்பதுதான் அங்கே நேர்மை.