கண்டனமும் ஊழியமும்: செராம்பூர் தரும் விளக்கம்

கண்டனத்துக்கு அஞ்சாமல் ஊழியத்தில் நிலைத்திருப்பதைக் கிறித்தவ மரபு பெரிதும் போற்றுகிறது. எனினும், எல்லாக் கண்டனத்துக்கும் ஒரேவிதமாகச் செவியை மூடிக்கொள்வதுதான் உண்மையான ஊழியமா, அல்லது ஒவ்வொன்றின் தரத்தையும் பிரித்தறிவதும் அதில் அடங்குமா என்ற கேள்வி எழுகிறது. வில்லியம் கேரியின் (1761–1834) வங்காள வாழ்வு இதை ஆராயத் தக்க சான்றாகும்.

வயதுவந்தோரை நீரில் முழுகச் செய்தே ஞானஸ்நானம் அளிக்கும் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கேரி, இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். 1793இல் கல்கத்தாவை அடைந்த அவர், மதப் பிரசாரத்தால் வணிகம் கெடும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனியின் பிடிக்கு எட்டாமல், ஹூக்ளியின் மேற்குக் கரையில் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த செராம்பூரில் 1800 முதல் சக மிஷனரிகளான மார்ஷ்மன், வார்டு ஆகியோருடன் பணியாற்றினார். 1806இல் வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகையும் சமயக் குறிகள்மீதான தடையுமே உடனடிக் காரணங்களாக இருந்தும், பழியில் ஒரு பங்கு மிஷனரிகள்மேலும் விழுந்தது. 1808இல் எடின்பரோ ரிவ்யூ இதழில் சிட்னி ஸ்மித் அவர்களை எள்ளி நகையாடினார். அச்சத்திலும் ஏளனத்திலும் பிறந்த இவ்வகைக் கண்டனத்துக்கு, மொழிபெயர்ப்பும் அச்சுப்பணியும் தடையின்றித் தொடர்ந்ததே போதிய மறுமொழியாயிற்று.

ஆனால் 1807இல் எழுந்த குற்றச்சாட்டு வேறு தரத்தது. செராம்பூர் அச்சகத்தின் பாரசீகத் துண்டுநூல் ஒன்றில் நபிகளைப் பழிக்கும் சொற்கள் சரிபார்க்கப்படாமல் அச்சேறியிருந்தன. தலைமை ஆளுநர் மிண்டோவின் அரசு அச்சகத்தையே கல்கத்தாவுக்கு மாற்றப் பணித்தபோது, மிஷனரிகள் அச்சொற்களை நியாயப்படுத்தாமல் பிழையை ஒப்புக்கொண்டு வருந்தினர். அதன்பின் அவ்வாணையும் கைவிடப்பட்டது.

மூன்றாவது வகை, கொள்கையைத் தொடும் அறிவார்ந்த மறுப்பு. இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து 1820இல் வெளியிட்ட வங்காளச் சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய், தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாட்டை ஏற்கவில்லை. அவரை எதிர்த்து மார்ஷ்மன் எழுதிய விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டதோடு, வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியே ராயின் பக்கம் சாய்ந்தார். மனம் மாற்ற வந்தவரின் மனமும் மாறக்கூடும் என்ற இந்த அபாயத்தை ஏற்காமல் நேர்மையான உரையாடல் இல்லை.

கணவனின் சிதையில் மனைவியும் எரியும் உடன்கட்டை வழக்கத்தை ஒழிப்பதிலோ ராயும் செராம்பூராரும் ஒரே பக்கம் நின்றனர். 1829 டிசம்பரில் அதைத் தடைசெய்யும் ஆணை, வங்காள மொழியில் பெயர்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கேரியின் கைக்கு வந்ததாகவும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உயிர்களைக் குடிக்கும் என்றெண்ணி, அவர் அன்றைய பிரசங்கத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு மொழிபெயர்க்க அமர்ந்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். எவ்வளவு கண்டனத்திலும் விடாத பிரசங்கத்தை அவர் அன்று தாமே விட்டுக்கொடுத்தது, ஊழியம் யாருக்காக என்பதை அவர் மறக்கவில்லை என்பதையே காட்டுகிறது.